டின்னுக்குள் ஓடும் இரண்டு கடிகாரங்கள்

போகிக்கு முந்தின நாள் எங்கள் வீட்டில் பரண் இறங்கும். இந்தத் தடவை இறங்கியதில், கைப்பிடி போன இடியாப்ப உழக்குக்கும் கல்யாணப் பரிசாக வந்து இன்றுவரை பிரிக்காத டின்னர் செட்டுக்கும் நடுவே இரண்டு தகர டின்கள் கிடைத்தன. ஒன்று, சிங்கப்பூர் போய்வந்த சித்தப்பா கொடுத்த அன்னாசித் துண்டுகள். இன்னொன்று, கொழும்பு நண்பர் கையில் திணித்த டின் மீன். இலங்கையில் டின் மீன் என்பது பருப்பு, சீனி மாதிரி அன்றாடச் சாமான். தமிழ்நாட்டுச் சமையலறையில் அது இன்னமும் விருந்தாளிதான். தேதியைப் பார்த்தால், அன்னாசி காலாவதியாகி 5 மாதம். மீன் காலாவதியாகி 14 மாதம்.

அம்மா தூத்துக்குடிக்காரர். விடிகாலையில் கரையேறிய மீனை மட்டுமே மீன் என்று ஒப்புக்கொள்கிறவர். "மீனைத் தூரப் போடுல. செத்து நாலு வருசமானத எவம்ல திம்பான்? பழம் சீனிப்பாகுலதான கெடக்கு, அது ஒண்ணும் செய்யாது" என்றார். என் மகளுக்கு இந்த வாதமே தேவைப்படவில்லை. இரண்டு டின்னையும் திருப்பித் தேதியைப் படித்தாள். "ரெண்டுமே டேட் முடிஞ்சுடுச்சுப்பா. ரெண்டும் குப்பை."

அம்மா பொருளைப் பார்த்தார். மகள் தேதியைப் பார்த்தாள். டின்னை யாரும் பார்க்கவில்லை.

காலையில் வைத்த மீன்குழம்பு சித்திரை வெயிலில் மாலைக்குள் ஊசிப்போகிறது. அதே மீன் தகரத்துக்குள் மூன்று வருடம் தாங்குகிறது என்றால், அந்த மூன்றாவது வருடத்தின் கடைசி நள்ளிரவில் அதற்கு என்னதான் நேர்கிறது? அன்றைக்கு வரை உணவாக இருந்தது, மறுநாள் காலையில் விஷமாகிவிடுமா?

மருந்து போட்டிருப்பார்களா?

"எவ்வளவு மருந்து கலந்தானோ" என்பதுதான் டின் உணவைப் பற்றி நம் வீடுகளில் கேட்கும் முதல் சந்தேகம். டின் மீனின் பொருள் பட்டியலைப் படித்துப் பாருங்கள். மீன், தண்ணீர் அல்லது எண்ணெய் அல்லது தக்காளிச் சாறு, உப்பு. பெரும்பாலும் அவ்வளவுதான். கெடாமல் காக்கும் ரசாயனம் எதுவும் இராது. அதற்கு வேலையும் இல்லை.

நம்முடைய பழைய பதப்படுத்தும் முறைகள் எல்லாம் வேறு வகை. கருவாட்டில் ஈரத்தை எடுத்துவிடுகிறோம். ஊறுகாயில் உப்பையும் புளிப்பையும் ஏற்றுகிறோம். நுண்ணுயிர் வந்து உட்காரும், ஆனால் குடித்தனம் நடத்த முடியாது. வீட்டைப் பாழாக்கிவைப்பது போன்ற தந்திரம் இது. டின்னில் நடப்பது நேர்மாறு. வீடு ஈரமாக, சுவையாக, வசதியாக அப்படியே இருக்கிறது. உள்ளே இருந்த எல்லோரையும் கொன்றுவிட்டு, வெளியிலிருந்து யாரும் நுழையாதபடி பூட்டியிருக்கிறார்கள்.

இதில் வரிசைதான் முக்கியம். சமைத்து, ஆறவைத்து, பிறகு டின்னில் அடைப்பதாகவே பலரும் நினைக்கிறார்கள். அப்படிச் செய்தால் அடைக்கும் நேரத்திலேயே காற்றோடு நுண்ணுயிர்கள் உள்ளே போய்விடும். முதலில் மீனை டின்னில் போட்டு மூடியை அடைத்துவிடுவார்கள். டின்னின் விளிம்பும் மூடியின் விளிம்பும் ஒன்றையொன்று கொக்கிபோலப் பிடித்து மடிந்து நசுங்கியிருக்கும். இரட்டை மடிப்பு என்பார்கள். அதற்குப் பிறகுதான் மூடிய டின்னோடு வேகவைப்பார்கள். சமையலும் கிருமிக்கொலையும் பூட்டிய அறைக்குள் ஒரே நேரத்தில் நடக்கின்றன.

பாரிஸ் மிட்டாய்க்காரர்

இந்த வரிசையைக் கண்டுபிடித்தவர் விஞ்ஞானி அல்ல. நிக்கோலா அப்பேர் என்ற பிரெஞ்சு மிட்டாய்க்காரர். 1790களிலேயே சோதனைகளைத் தொடங்கிவிட்டார். ஷாம்பெயின் பாட்டில் மாதிரியான கண்ணாடிக் குப்பிகளில் பட்டாணியும் கறியும் சூப்பும் போட்டு, தக்கையால் இறுக அடைத்து, கொதிநீரில் மணிக்கணக்காக வைப்பார். கெடாமல் இருந்தது. 1810இல் பிரெஞ்சு அரசு அவருக்கு 12,000 பிராங்க் பரிசு கொடுத்து, முறையை நூலாக எழுதி வெளியிடச் சொன்னது. ஏன் கெடவில்லை என்பது அவருக்குத் தெரியாது, பரிசு கொடுத்தவர்களுக்கும் தெரியாது. காரணம் சொல்லவேண்டிய லூயி பாஸ்டர் பிறக்கவே இன்னும் 12 வருடம் இருந்தது.

அதே 1810இல் பீட்டர் டூரண்ட் என்பவர் கண்ணாடிக்குப் பதில் தகரத்தைப் பயன்படுத்த இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கினார். 1813இல் லண்டனின் பெர்மண்ட்சி பகுதியில் டின் உணவுத் தொழிற்சாலையே வந்துவிட்டது. டின் திறக்கும் கருவிக்குத்தான் அவசரமில்லை. அது வர இன்னும் 40 வருடத்துக்கு மேல் ஆனது. அதுவரை உளியும் சுத்தியலும்தான்.

தூங்கும் வித்து

அப்பேரின் முறையில் ஒரு ஓட்டை இருந்தது. நன்றாகக் கொதிக்கவைத்த டின்களிலும் சில, வாரங்கள் கழித்து உப்பி வெடித்தன. நூறு டிகிரியில் எல்லாம் செத்துவிடும் என்றால், இது யார்?

சில பாக்டீரியாக்களுக்கு ஒரு வித்தை தெரியும். நிலைமை மோசமானால், தன் மரபுப்பொருளைத் தடித்த ஓடுகளுக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு, உயிர்ச்செயலை ஏறக்குறைய நிறுத்திவிடும். இதை உறங்குவித்து என்று அழைப்போம். கொதிநீர் அதற்கு ஒரு பொருட்டே அல்ல. நல்ல காலம் வந்ததும் முளைத்துக்கொள்ளும்.

இந்த வித்தை தெரிந்தவற்றில் மிகக் கொடியது க்ளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம். மண்ணிலும் கடலடிச் சேற்றிலும் சாதாரணமாகக் கிடக்கும் உயிரி. அதற்குக் காற்று ஆகாது. உயிர்வளி இல்லாத, ஈரமான, புளிப்பில்லாத, அறைச் சூடுள்ள இடம் வேண்டும். அதாவது, சரியாக வேகாத ஒரு மீன் டின் வேண்டும். அங்கே அது சுரக்கும் நஞ்சு நரம்பிலிருந்து தசைக்குப் போகும் கட்டளையை அறுத்துவிடுகிறது. இமை தொங்கும், பார்வை இரட்டையாகும், விழுங்க முடியாது, கடைசியில் மூச்சுத் தசைகள் நின்றுபோகும். முகச்சுருக்கத்தை நீக்கத் துளியிலும் துளியாக ஊசியில் ஏற்றிக்கொள்ளும் போடாக்ஸ் இதே நஞ்சுதான். மனிதர்களின் விசித்திரத்துக்கு அளவில்லை.

1919, 1920 ஆண்டுகளில் அமெரிக்காவில் பதப்படுத்திய ஆலிவ் காய்களைச் சாப்பிட்டுப் பலர் இறந்தார்கள். கலிஃபோர்னியாவின் டின் தொழிலே ஆட்டம் கண்டது. அதன் பிறகே, இந்த வித்து எத்தனை டிகிரியில் எத்தனை நிமிடம் தாங்கும் என்று எஸ்டி, மேயர் என்ற இருவர் பொறுமையாக அளந்தார்கள். 1922இல் வெளியான அந்த அளவீட்டின் மேல்தான் இன்றுவரை உலகத்தின் டின் தொழில் நிற்கிறது.

13 விநாடிக் கணக்கு

அந்தக் கணக்கை என் பரணில் கிடந்த மீன் டின்னை வைத்தே போட்டுப் பார்க்கலாம்.

டின்னுக்கு ஓர் உறங்குவித்து உள்ளே போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். டின்களை ரிட்டார்ட் எனப்படும் ராட்சத பிரஷர் குக்கரில் அடுக்கி, 121 டிகிரி செல்சியஸுக்குச் சூடேற்றுகிறோம். அந்தச் சூட்டில் சுமார் 13 விநாடிக்குள் பத்தில் ஒன்பது வித்துகள் செத்துவிடும். பத்து டின்னில் ஒன்றில் மட்டும் வித்து மிச்சம். இன்னொரு 13 விநாடி. இப்போது நூறு டின்னில் ஒன்று. இன்னொரு 13, ஆயிரத்தில் ஒன்று. சாவு ஒரே அடியில் வருவதில்லை, பத்திலொரு பங்காகப் படியிறங்கி வருகிறது. எத்தனை படி இறங்கினால் போதும்? 12 படி என்று தொழில் தீர்மானித்தது. 12 படி இறங்கியபின் லட்சம் கோடி டின்னில் ஒன்றில்தான் வித்து உயிரோடு இருக்கும். மொத்த நேரம், இரண்டரை நிமிடம்.

இரண்டரை நிமிடம்தானா என்று ஏமாற வேண்டாம். டின்னின் நட்டநடு மையம் 121 டிகிரியைத் தொட்ட பிறகு எண்ணவேண்டிய நேரம் அது. தடித்த மீன் துண்டின் நடுவுக்குச் சூடு போய்ச்சேரவே நெடுநேரம் ஆகும். அதனால்தான் டின் மீனில் முள்ளும் பிஸ்கட்போல நொறுங்குகிறது.

இதே வேலையைச் சாதாரணக் கொதிநீரில் செய்ய முயன்றால்? 13 விநாடியில் முடிந்த ஒரு படிக்கு 100 டிகிரியில் ஏறக்குறைய அரைமணி நேரம் வேண்டும். 12 படிக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல். 21 டிகிரி வித்தியாசம் விநாடியை மணியாக்கிவிடுகிறது. அப்பேரின் முறையில் வேகவைத்த டின்கள் சில வெடித்த மர்மம் இதுதான். நம் வீட்டு பிரஷர் குக்கரும் விசில் அடிக்கும்போது 120 டிகிரிக்கு அருகில்தான் இருக்கிறது. அதற்காக வீட்டிலேயே மீனை பாட்டிலில் அடைக்கக் கிளம்பிவிடாதீர்கள். பாட்டிலின் மையத்தில் எத்தனை டிகிரி என்று நம் குக்கர் சொல்லாது.

ஆக, ஒழுங்காக வேகவைத்து ஒழுங்காக அடைத்த டின்னுக்குள் கிருமிக் கடிகாரம் தொழிற்சாலையிலேயே நின்றுவிடுகிறது. பூட்டு உடையாத வரை அது மறுபடி ஓடாது. ஒரு வருடமானாலும் சரி, நூறு வருடமானாலும் சரி.

மிசௌரி சேற்றில் 109 வருடம்

நூறு வருடம் என்பது பேச்சுக்குச் சொன்னது இல்லை. 1865 ஏப்ரல் 1ஆம் தேதி, பெர்ட்ராண்ட் என்ற நீராவிப் படகு அமெரிக்காவின் மிசௌரி நதியில், நெப்ராஸ்காவின் ஒமாஹா நகரத்துக்கு வடக்கே, நீருக்கடியில் கிடந்த மரத்தில் மோதிச் சில நிமிடங்களில் மூழ்கியது. மொன்டானாவின் தங்கச் சுரங்க ஊர்களுக்குச் சாமான் ஏற்றிப் போய்க்கொண்டிருந்த படகு அது. ஆட்கள் தப்பிவிட்டார்கள். ஆபிரகாம் லிங்கன் அன்று உயிரோடு இருந்தார். இன்னும் இரண்டு வாரம்.

நதி தன் போக்கை மாற்றிக்கொண்டது. படகு கிடந்த இடம் நிலமாகிப்போனது. 1968இல் பாதரசமும் விஸ்கியும் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் புதையல் தேடிய இருவர், பல மீட்டர் ஆழச் சேற்றுக்கடியில் அதைக் கண்டுபிடித்தார்கள். அவர்கள் நினைத்த புதையல் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைத்ததெல்லாம் சுத்தியல், செருப்பு, சட்டைப் பொத்தான், கலப்பை. கூடவே சிப்பி இறைச்சி, தக்காளி, காய்கறிக் கலவை, தேன், பிராந்தியில் ஊறிய பீச் பழம். எனக்கு இதைவிடப் பெரிய புதையல் தோன்றவில்லை.

1974இல் அமெரிக்க உணவுப் பதப்படுத்துவோர் சங்கத்தின் ஆய்வகத்தில் அந்த உணவுகளைத் திறந்து சோதித்தார்கள். பார்க்க நன்றாக இல்லை. நிறம் மங்கியிருந்தது, புதுமணம் போயிருந்தது. ஆனால் நுண்ணுயிர் வளர்ச்சி துளியும் இல்லை. கிருமிக் கணக்கில், 109 வருடத்துக்கு முன் அடைத்த நாளில் இருந்த அளவுக்கே அவை பாதுகாப்பானவை. வைட்டமின் சி, ஏ இரண்டும் கணிசமாக அழிந்திருந்தன. புரதம் குறையவில்லை. கால்சியம் போன்ற தாதுக்கள் புதிய டின்னில் இருப்பது போலவே இருந்தன.

இந்த முடிவை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். கிருமி வரவில்லை, நிறமும் மணமும் வைட்டமினும் போய்விட்டன. ஒரு கடிகாரம் நின்றிருந்தது. இன்னொன்று 109 வருடமும் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது.

இதையும்விட மூத்த டின் உண்டு. வில்லியம் எட்வர்ட் பாரி 1824இல் வடதுருவக் கடலுக்குக் கொண்டுபோன வறுத்த கன்றிறைச்சி டின் ஒன்றை, 114 வருடம் கழித்து 1938இல் லண்டனில் திறந்தார்கள். இறைச்சி நன்றாகவே இருந்தது. எலிகளுக்குக் கொடுத்தார்கள், எலிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பயணத்தில் உடைந்துபோன ஃப்யூரி கப்பலின் சாமான்களைக் கரையிலேயே விட்டுவந்திருந்தார்கள். வருடங்கள் கழித்து அதே பனிக்கரையில் சிக்கிய ஜான் ராஸ் குழு 1832-33 குளிர்காலத்தைக் கடந்ததே அந்தச் சாமான்களைச் சாப்பிட்டுத்தான்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வெடித்த டின்களை யாரும் அருங்காட்சியகத்தில் வைப்பதில்லை. தப்பித்தவை மட்டும் கதையாகின்றன. தவிர, அந்தக் கால டின்களை ஈயம் கலந்த பற்றாசால் ஒட்டினார்கள். கிருமி இல்லை என்பதால் மட்டும் ஒரு பொருள் சாப்பிட ஏற்றதாகிவிடாது. இன்னொன்று, மிசௌரிச் சேறும் வடதுருவப் பனியும் குளிர்ந்தவை. என் பரண் அடுப்புக்கு நேர் மேலே இருக்கிறது.

நிற்காத கடிகாரம்

பூட்டிய வீட்டில் யாரும் இல்லாவிட்டாலும் சுண்ணாம்பு உதிரும், ஜன்னல் துருப்பிடிக்கும். டின்னுக்குள்ளும் அப்படித்தான். சர்க்கரையும் புரதமும் மெல்ல வினைபுரிந்து பழுப்பாகின்றன; தோசை முறுகுவதன் மிக மிக மெதுவான வடிவம் அது. இறுகிய பால் டின் பழசாகப் பழசாக வெண்மை போய்ப் பழுப்பு ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். காய் குழைகிறது. வைட்டமின்கள் சிதைகின்றன. இது எதுவும் நஞ்சு இல்லை, மூப்பு.

மூப்பு எப்போதும் கெடுதல்தானா என்றால், பிரான்ஸின் பிரிட்டனி கடற்கரைக்காரர்கள் சிரிப்பார்கள். எண்ணெயில் அடைத்த நல்ல மத்தி டின்களை அங்கே வருடம் பொறித்து விற்கிறார்கள். ரசிகர்கள் வாங்கிப் பல வருடம் வைத்திருந்து, அவ்வப்போது டின்னைப் புரட்டிப்போட்டு, முள் கரைந்து எண்ணெய் ஊறிய பிறகு திறக்கிறார்கள். நம் வீட்டில் பழைய ஆவக்காய் ஜாடிக்குக் கிடைக்கும் மரியாதை அங்கே மத்தி டின்னுக்கு.

மூப்பின் வேகத்தை முடிவுசெய்வது வெப்பம். அமெரிக்க ராணுவத்தின் உணவுப் பொட்டலங்கள் இதற்கு நல்ல சாட்சி. தகரத்துக்குப் பதில் பல அடுக்கு உறையில் அடைத்து, ரிட்டார்ட்டில் வேகவைத்தவை அவை. மைசூரில் உள்ள நம் பாதுகாப்பு உணவு ஆராய்ச்சிக்கூடமும் இந்திய வீரர்களுக்காக இதே வகை உணவைத்தான் உருவாக்கியது. கடையில் விற்கும் வெந்நீரில் போட்டுச் சாப்பிடும் பொட்டலங்களும் இந்தக் குடும்பம்தான். அமெரிக்கப் பொட்டலம் 27 டிகிரியில் 3 வருடம் தாங்கும் என்கிறார்கள். 38 டிகிரியில் 6 மாதம். 11 டிகிரி கூடியதற்கு ஆறில் ஒரு பங்கு ஆயுள்!

சென்னையில் மே மாதம் 38 டிகிரி என்பது சாதாரண நாள். எங்கோ ஒரு குளிர்நாட்டு அலமாரியை மனதில் வைத்து அச்சடித்த தேதி, நம் பரணில் கிடக்கும் டின்னுக்குப் பொருந்தாமல் போகலாம். தேதிக்கு முன்பே அது கிழடு தட்டியிருக்கலாம்.

வெப்பத்தால் இன்னொரு வம்பும் உண்டு. 121 டிகிரியையும் தாண்டிப் பிழைக்கும் உறங்குவித்துகள் சில இருக்கின்றன. மனிதருக்குத் தீங்கு செய்யாதவை. 50 டிகிரிக்கு மேலான சூடு இருந்தால்தான் உற்சாகமாக வளரும் என்பதால் தொழிற்சாலைகள் அவற்றைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. வெயிலில் நிற்கும் லாரியிலும் காரின் டிக்கியிலும் அந்தச் சூடு எளிதாகக் கிடைத்துவிடும். அப்போது அவை விழித்துக்கொண்டு, டின்னை உப்பவைக்காமலே உள்ளிருப்பதைப் புளிக்கவைக்கும். டின்னுக்குள் எல்லாம் செத்துவிட்டன என்று மேலே சொன்னேன் இல்லையா? கறாராகச் சொன்னால், சாதாரண அறைச் சூட்டில் வளரக்கூடியவை எல்லாம் செத்துவிட்டன.

அன்னாசி ஏன் முந்திக்கொண்டது?

இப்போது அம்மாவின் தீர்ப்புக்கு வருவோம். மீன் ஆபத்து, பழம் பரவாயில்லை என்றார்.

கிருமியை மட்டும் நினைத்தால் அம்மா சொன்னது சரி. பாட்டுலினத்துக்குப் புளிப்பு ஆகாது. அமிலத்தை அளக்கும் பி.எச். அளவுகோலில் 4.6க்குக் கீழே இருந்தால் அது முளைக்காது. அன்னாசி அதற்கு வெகு கீழே இருக்கிறது. அதனால் பழ டின்களைக் கொதிநீர்ச் சூட்டில் வேகவைத்தாலே போதும். மீன் புளிப்பில்லாதது, அதற்குத்தான் 121 டிகிரி தண்டனை.

ஆனால் நாட்கள் போகப்போக எந்தப் புளிப்பு பழத்தைக் காத்ததோ, அதே புளிப்பு டின்னைத் தின்ன ஆரம்பிக்கிறது. நாம் தகரம் என்று சொல்வது இரும்புத் தகட்டின் மேல் வெள்ளீயம் பூசியது. அன்னாசிக்குப் பெரும்பாலும் உட்புறம் வேறு பூச்சே கொடுக்காமல் வெள்ளீயத்தை அப்படியே விடுவார்கள். அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து தன்னைக் கொடுத்து, இரும்பையும் பழத்தின் மஞ்சள் நிறத்தையும் காப்பாற்றும். கரைந்த வெள்ளீயம் கிலோவுக்கு 250 மில்லிகிராமுக்குள் இருக்கவேண்டும் என்று சர்வதேச உணவுத் தரம் வரம்பு வைத்திருக்கிறது. அதற்கு மேல் போனால் வயிற்றைப் பிரட்டும். வெள்ளீயம் தீர்ந்த இடத்தில் அமிலம் இரும்பைத் தொடும். ஹைட்ரஜன் வாயு கிளம்பும். டின் உப்பும்.

அதனால்தான் அன்னாசி, தக்காளி போன்ற புளிப்பு டின்களுக்கு ஒன்று, ஒன்றரை வருடம் என்றும், மீன், இறைச்சி, பட்டாணி போன்றவற்றுக்கு இரண்டிலிருந்து ஐந்து வருடம் என்றும் அமெரிக்க வேளாண் துறை சொல்கிறது. நம் உள்ளுணர்வுக்கு நேர் எதிர்.

இங்கேயே ஒரு வீட்டுக்குறிப்பு. டின்னைத் திறந்ததும் காற்று உள்ளே போகிறது, வெள்ளீயம் கரையும் வேகம் பல மடங்காகிறது. மிச்சத்தை டின்னோடு ஃப்ரிட்ஜில் வைக்காமல் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். கிருமிக் கடிகாரமும் திறந்த நொடியில் ஓடத் தொடங்கிவிடும். அதற்குப் பிறகு அது டின் உணவு இல்லை, நேற்றைய குழம்புதான்.

தேதி எதைச் சொல்கிறது?

உற்பத்தியாளர் தன் டின்களை வெவ்வேறு சூட்டில் மாதக்கணக்காக வைத்திருந்து, அவ்வப்போது திறந்து சுவைத்துப் பார்க்கிறார். எப்போது நிறமும் மணமும் தன் பெயருக்கு இழுக்காகும் அளவுக்கு இறங்குகின்றனவோ, அதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு தேதியை வைக்கிறார். அதாவது தேதி அளப்பது மூப்பை. நாம் அதைப் பார்த்துப் பயப்படுவது நஞ்சை. இரண்டும் வேறு கடிகாரங்கள்.

அமெரிக்க மத்திய சட்டம் தேதியைக் கட்டாயமாக்கியிருப்பது ஒரே ஒரு உணவுக்கு, பச்சிளங்குழந்தைகளின் பால்மாவுக்கு. அங்கே சத்து குறைந்தால் குழந்தைக்கு வேறு உணவு இல்லை. அந்தத் தேதியைத் தாண்டவே கூடாது. இந்தியாவில் காலாவதி தேதி அச்சிடுவது கட்டாயம், தேதி முடிந்ததை விற்பது குற்றம். கடைக்காரருக்கு அந்தச் சட்டம் சரியானதே. அவர் கிடங்கில் எத்தனை டிகிரி என்று வாங்குகிறவருக்குத் தெரியாது அல்லவா? வீட்டு அலமாரியில் இருக்கும் டின்னின் கதை நமக்குத் தெரியும் அல்லது தெரியவேண்டும்.

தேதியைவிட நேர்மையாகப் பேசுவது டின்தான். உப்பியிருந்தால், கசிந்திருந்தால், விளிம்பின் இரட்டை மடிப்பில் நசுங்கியிருந்தால், துணியால் துடைத்தும் போகாத ஆழத் துரு இருந்தால், திறக்கும்போது பீய்ச்சி அடித்தால், பூட்டு உடைந்துவிட்டது என்று பொருள். தேதி முடிய இன்னும் இரண்டு வருடம் இருந்தாலும் அது குப்பைதான். உப்பியது ஹைட்ரஜனாலா கிருமியாலா என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது, ஆராயவும் வேண்டாம். நாக்கில் வைத்துப் பார்ப்பது மட்டும் கூடவே கூடாது. பாட்டுலினம் நஞ்சுக்கு வாசனையோ சுவையோ இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை. உப்பியிருப்பதே சரியான பக்குவம் என்று கொண்டாடப்படும் ஒரே டின் எனக்குத் தெரிந்து ஸ்வீடன் நாட்டின் புளித்த மீனான சூர்ஸ்ட்ரோமிங். அதன் நாற்றத்தைக் கேள்விப்பட்டவர்களுக்கு, அதை நம் பரணில் யாரும் கொண்டுவந்து வைக்கமாட்டார்கள் என்பது ஆறுதல்.

பரணுக்குக் கீழே

இரண்டு டின்னையும் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். அன்னாசி டின்னின் மூடியைக் கட்டைவிரலால் அழுத்தினால் 'டொக்' என்று உள்ளே போனது. விரலை எடுத்ததும் 'டொக்' என்று வெளியே வந்தது. திறக்காமலே இரண்டு பாலிதீன் பையில் சுற்றிக் குப்பைக்கு அனுப்பினேன். சித்தப்பாவிடம் சாப்பிட்டாயிற்று என்று சொல்வதாக உத்தேசம்.

மீன் டின்னில் மேல்மூடியும் அடிமூடியும் லேசாக உட்குழிந்து இறுக்கமாக இருந்தன. மடிப்பில் நசுங்கல் இல்லை. கழுத்தோரம் இருந்த துருப்புள்ளி துடைத்ததும் போய்விட்டது. திறந்தேன், பீய்ச்சவில்லை, மீன் வாசம்தான். நாலு கோடை அடுப்புக்கு மேலே கிடந்ததற்கு மீன் கொஞ்சம் குழைந்துதான் இருந்தது. கொழும்பு நண்பரிடம் கேட்டபடி வெங்காயம், கறிவேப்பிலை, பச்சைமிளகாய் தாளித்து, தேங்காய்ப்பால் விட்டுக் கால்மணி நேரம் நன்றாகக் கொதிக்கவைத்தேன். பாட்டுலினம் நஞ்சு கொதிநிலையில் சில நிமிடங்களில் சிதைந்துவிடும். வித்து சாகாவிட்டாலும் நஞ்சு சாகும். அந்த நம்பிக்கையில் சந்தேகமான டின்னைச் சமைக்கக் கூடாது. சந்தேகமில்லாத டின்னுக்கே ஒரு கூடுதல் பூட்டு, அவ்வளவுதான்.

மகள் தட்டோடு வந்து உட்கார்ந்தாள், டின்னின் தேதியை இன்னொரு முறை பார்த்துவிட்டு. அம்மா மீனைத் தொடவில்லை. குழம்பை மட்டும் ஒரு கரண்டி சோற்றில் விட்டுப் பிசைந்து, ஒரு வாய் வைத்தார்.

"புளி காணாதுல" என்றார்.